அசையாத சரக்கு

கோடை முடிகிற சமயத்தில் கிடங்கின் கூரையை மாற்ற வேண்டும் என்று சொல்லி, அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் சில வாரங்களுக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது விடுமுறை. மாத்திரை அக்காவின் வீட்டுக்கு அது படையெடுப்பு.

அவளுடைய கணவர் அந்தக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். இயந்திர உதிரிபாகங்கள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே அனுப்பினாலும் எந்த அடுக்கில் எந்த நட்டு கிடக்கிறது என்று தடவியே எடுத்து வந்துவிடுவார். சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் அவர் பெயரே ஸ்டோர்தான். ஸ்டோர் வந்தாரா, ஸ்டோர் சாப்பிட்டாரா என்று விசாரிப்பார்கள். அவரும் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதரை வேலை ஏதும் கொடுக்காமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தால் எத்தனை நேரம் உட்காருவார்? முதல் நாள் காலை தூங்கினார். மத்தியானம் சமையலறைக்குள் நுழைந்தார். சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு டப்பாவின் கழுத்திலும் நூல் கட்டி ஓர் அட்டை தொங்குகிறது. வந்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு.

கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்த மகள் டீ போடப் போனவள், சர்க்கரை டப்பாவைத் தொடாமலே திரும்பி வந்தாள்.

"அப்பா, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை வேணும். யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?"

"எடுத்துக்கோம்மா. எடுத்துட்டு அட்டையில எழுதிடு, போதும்."

அது கிண்டல் என்பது அவர் காதுக்குள் இறங்கவே இல்லை.

அவருடைய சட்டத்தில் சிக்கலே கிடையாது. கிடங்கில் ஒரு பொருள் நெடுநாள் கிடந்த இடத்திலேயே கிடந்தால் அது அசையாத சரக்கு. அசையாத சரக்கு இடத்தைத் தின்னும். அதை வெளியே தள்ள வேண்டும். கிடங்குக்கு நியாயமானது வீட்டுக்கும் நியாயம். தன்னை யாரும் ஓரவஞ்சனைக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, முதலில் தன் சொத்திலேயே கை வைத்தார். கட்டிலுக்கு அடியில் ஜாம் பாட்டில்களில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்த்து வைத்திருந்த திருகாணி, வாஷர், எதிலிருந்து கழன்றது என்றே தெரியாத ஸ்பிரிங்குகள், எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது முகம் வாடித்தான் இருந்தது. அதைப் பார்த்த அக்கா ஆறுதலாக இருக்கட்டும் என்று, நல்ல காரியம் பண்ணினீங்க, பயன்படாத எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லி வைத்தாள். சொன்ன வாய் மூடுவதற்குள், அந்த வாக்கியம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பால்கனியை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஒரு பிரம்பு நாற்காலி. உட்காருகிற இடம் அக்காவின் அளவுக்குக் குழிந்து போயிருக்கும். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கூரை வரை ஒரு புத்தக அலமாரி. வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, வரிசைக்கு மேல் படுக்கை வசத்தில் இன்னும் கொஞ்சம். தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்து, முகம் கழுவி, அந்தக் குழிக்குள் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடிந்ததாகக் கணக்கு. அந்த அறையின் வாசலில்தான் ஸ்டோர் இப்போது அளவு நாடாவோடு நின்றார். இங்கே ஓர் இரும்பு ராக் போட்டால் சோப்பு, பல்பு, துடைப்பம் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் கிடைக்கும் என்றார். கிடங்கு திறப்பதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்றார்.

"அப்ப என் புத்தகமெல்லாம்?"

"நான் என்ன கொடுங்கோலனா? படிச்சு முடிச்சதை வெளிய அனுப்புவோம். படிச்சுக்கிட்டு இருக்கிறது இருக்கட்டும்."

அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அந்த அலமாரியில் அவள் படித்து முடித்த புத்தகம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

அது அவளுடைய பழக்கம். எவ்வளவு நல்ல கதையானாலும் கடைசிப் பத்துப் பக்கம் வந்ததும் மூடி வைத்துவிடுவாள். முடித்துவிட்டால், அதுவரை கூடவே இருந்து சாப்பிட்டு, சண்டை போட்டு, அழுத மனிதர்களை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய் ஏற்றிவிட்டு வருவதுபோல இருக்கும் அவளுக்கு. ஏற்றிவிடாமலே இருந்தால் அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள் அல்லவா? அடையாளத்துக்குக் காலியான மாத்திரை அட்டை ஒன்றைச் செருகி அலமாரியில் வைப்பாள். என்றைக்காவது எடுத்து முடிப்போம் என்று சொல்லிக்கொள்வாள். அந்த என்றைக்காவது இதுவரை வந்ததில்லை.

எதையும் இன்னும் முடிக்கவில்லை என்று அவள் சொன்னாள். ஸ்டோர் வாய்ச்சொல்லை நம்புகிற ஆள் இல்லை. அன்று மத்தியானம் முழுக்க ஏணி மேல் நின்று ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்துப் பார்த்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்தவளிடம், உள்ளே திருட்டு நடந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"எல்லாத்துலயும் அட்டை இருக்கு. எல்லா அட்டையும் கடைசிலதான் இருக்கு."

"அதான் சொன்னேனே, எதையும் முடிக்கலைன்னு."

"நீ முடிக்கலை. சரி. ஆனா அந்த அட்டைங்க அசையவும் இல்லையே. சிலதுல மருந்தோட பேரே அழிஞ்சு போச்சு."

மகள் சோபாவில் படுத்தபடி தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். "கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம், பாதியில நிறுத்தக் கூடாது, கோர்ஸை முழுசா முடிக்கணும்னு பாடம் எடுக்கிறியேம்மா. இங்க ஒரு கதையாவது கோர்ஸ் முடிச்சிருக்கா?"

மருந்துக்கடையில் அவள் பேச்சுக்கு மறு பேச்சு கிடையாது. எழுதின டாக்டருக்கே புரியாத கையெழுத்தையும் வாங்கின கையோடு படித்துவிடுவாள். வீட்டில் அன்றைக்கு அவள் முகம் கழுவப் போய்விட்டாள். ஸ்டோர் தீர்ப்பைத் திருத்தி எழுதினார்: கிடங்கு திறப்பதற்குள் அசைகிறது இருக்கும், அசையாதது போகும்.

அத்தனை புத்தகத்தையும் அதற்குள் அசைப்பது நடக்கிற காரியமா? நடந்தாலும், முடித்ததெல்லாம் முடிந்த சரக்காகி வெளியே போய்விடும். முடித்தாலும் போகும், முடிக்காவிட்டாலும் போகும். அந்த இரவு அக்காவுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

வழி பிறந்தது வியாழக்கிழமை.

வியாழக்கிழமை சாயங்காலம் சேர்ந்திசைக் குழுவுக்குப் பயிற்சி. நூலகத்துக்குப் பின்னால் உள்ள மன்றத்தில் கூடுவார்கள். அலுவலகக்காரர்கள், தையல்காரி, லாரி ஓட்டுகிறவர், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. மேலே பறக்கிற பெண் குரல்களுக்கும் கீழே உருளுகிற ஆண் குரல்களுக்கும் நடுவில் அக்காவின் வரிசை. ராகத்தின் அழகான வரிகளெல்லாம் மேல்வரிசைக்குப் போய்விடும். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஸ்வரம்தான். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டத்தில் பை காவல் காப்பதுபோல என்பாள் அக்கா. யாருக்குத் தொண்டை கட்டினாலும் அவள் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை வரும். மாத்திரை அக்கா என்ற பெயர் அங்கே வைத்ததுதான்.

பாட்டு நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம் திறங்க, அப்படியே இருங்க என்று கிளினிக்கில் சொல்கிற வாக்கியங்களையே இங்கேயும் சொல்வார். லாரிக்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் பயந்துபோய்க் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கோடை நிகழ்ச்சிக்கு எடுத்த பாட்டில் ஓர் இடத்தில் எல்லாரும் உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று ஒலிக்க வேண்டும். வாயை மூடச் சொல்றது என் தொழிலுக்கே துரோகம், ஆனாலும் மூடுங்க என்றார்.

மன்றத்தின் மூலையில் ஒரு மர அலமாரி. குழுவின் பாட்டுத்தாள்கள் எல்லாம் அதற்குள்தான். கதவைத் திறந்தால் மேல்தட்டிலிருந்து நாலைந்து தாள் தலையில் விழாமல் இருக்காது. அன்றும் விழுந்தது. யாராவது இதை ஒருநாள் ஒழுங்கு பண்ணினால் காலில் விழுவேன் என்று டாக்டர் வழக்கம்போலப் புலம்பினார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே ஆரம்பித்தாள். மன்றத்தில் ஓர் அலமாரி இருப்பதையும், அது சீந்துவாரில்லாமல் கிடப்பதையும், யாரோ பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல உருக்கமாகச் சொன்னாள். ஸ்டோர் கேட்டுக்கொண்டே அளவு நாடாவை மடித்தார்.

"எத்தனை தட்டு?"

"அதெல்லாம் யாருங்க எண்ணினா? கதவைத் திறந்தா கொட்டுது."

"கொட்டுதா?" என்றார். பசித்தவன் முன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, சாவி வாங்கி, மன்றத்துக்குப் போய்விட்டார். அதற்கடுத்த நாளும் போனார். மாலையில் தலையெல்லாம் தூசியாக, வேலைக்குப் போய் வந்த மனிதனின் களையோடு வந்து சேருவார். அக்கா பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி, பாவம், களைச்சுப் போயிட்டீங்க, நாளைக்கும் போகணுமா என்று கேட்பாள். போகணும், இன்னும் மூணு தட்டு இருக்கு என்பார். நல்லா நிதானமாப் பண்ணுங்க, அவசரமே இல்லை என்பாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் கால் மேல் கால் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் இவ்வளவு நிம்மதியான நாட்கள் சமீபத்தில் வந்ததில்லை.

ஒரு மாலை அவளுடைய புத்தக அலமாரியில் ஓர் ஓட்டை தெரிந்தது. நடு வரிசையில் தடிமனான ஒரு நாவல் இருந்த இடம் காலி. கடலுக்குப் போன கேப்டன் ஒருவனுக்காக மனைவி கரையில் காத்திருக்கிற கதை. காத்திருப்பதே புத்தகத்தில் பாதி. அவன் திரும்பி வருகிறானா இல்லையா என்பது அந்தக் கடைசிப் பத்துப் பக்கத்தில்தான் இருந்தது.

ஸ்டோரைக் கேட்டாள். "ஒரு வேலைக்கு எடுத்துட்டுப் போனேன்," என்றார்.

"அதுக்கு என்னங்க வேலை?"

"மன்றத்து அலமாரிக்கு ஒரு கால் குட்டை. ஆடுது. முட்டுக் கொடுக்க அந்தத் தடிமன்தான் சரியா இருந்துச்சு."

கேப்டனும் அவன் பெண்டாட்டியும் ஓர் அலமாரியைத் தாங்கிக்கொண்டு இருட்டில் கிடப்பதை நினைத்தபோது அக்கா சண்டைக்கு எழுந்துவிட்டாள். ஆனால் இப்போது சண்டை பிடித்தால் மனிதர் அங்கே போவதை நிறுத்திவிட்டு இங்கே திரும்பிவிடுவார். ஒரு கேப்டன் போனால் போகட்டும், மற்றவர்கள் பிழைப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஸ்டோர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு அவளோடு மன்றத்துக்கு வந்தார். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, திரையை விலக்குவதுபோல அலமாரிக் கதவைத் திறந்தார். ஆ என்று ஒரு சத்தம் எழுந்தது. தலையில் எதுவும் விழவில்லை. ஒவ்வொரு தட்டிலும் பெயர் ஒட்டி, ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் உறை போட்டு, உறைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. பாதி அலமாரி காலியாகவே இருந்தது. டாக்டர் நிஜமாகவே காலில் விழுந்துவிடுவார்போலக் குனிந்தார். குனிந்தவர் நிகழ்ச்சிப் பாட்டின் உறையை எடுத்து உள்ளே கையை விட்டார். கை இரண்டு தாளோடு வெளியே வந்தது. மறுபடி விட்டார். வெறுங்கையாக வந்தது.

"மத்ததெல்லாம் எங்க சார்?"

"எந்த மத்தது?"

"இதே பாட்டு. எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு இருந்துச்சே."

ஸ்டோர் பரிவோடு விளக்கினார். டாக்டர் கவனித்திருக்க மாட்டார், ஒவ்வொரு பாட்டும் கட்டுக்கட்டாக ஒரே மாதிரி கிடந்தது. எந்தச் சரக்குக்கும் கையிருப்பு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் தேவையில்லை. அதனால் இருப்பதிலேயே சுத்தமாக, கிறுக்கல் இல்லாமல் இருந்த இரண்டை வைத்துக்கொண்டு மீதி அத்தனையும் பழைய பேப்பர் வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி முன்தினமே போய்விட்டது. இந்நேரம் கூழாகியிருக்கும்.

 மின்விசிறி மட்டும் கடகடவென்று தன் பாட்டுக்குப் பாடியது. தையல்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன் சார், நாங்க இத்தனை பேரும் ரெண்டு தாளை எட்டி எட்டிப் பார்த்தா பாடுவோம்?"

தாள் பெரிய விஷயமில்லை, என் கிளினிக்கில் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். குரல்தான் ஒரு மாதிரியாக இருந்தது. நகல் எடுத்து வந்து பாடிப் பார்த்தபோதுதான் ஏன் என்று எல்லாருக்கும் புரிந்தது. ஸ்டோர் கிறுக்கல் என்று சொன்னது அவர்கள் பென்சிலால் போட்டு வைத்திருந்த மூச்சுக் குறிகள். நீண்டு போகிற ஒரு ஸ்வரத்தை ஒரே மூச்சில் யாராலும் பிடிக்க முடியாது. ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உள்ளவர் திருட்டுத்தனமாக மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு இவர். யார் எங்கே வாங்குவது என்று கோடை ஆரம்பத்திலிருந்து பேசிப் பேசி ஆளுக்கொரு குறி போட்டிருந்தார்கள். இப்போது தாள் வெள்ளையாக இருந்தது. நீண்ட ஸ்வரம் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினார்கள். பாட்டு நடுரோட்டில் பள்ளத்தில் இறங்கின வண்டி மாதிரி தொபீரென்று விழுந்து எழுந்தது. அடுத்த தடவை எல்லாரும் உஷாராக வேறு இடத்தில் வாங்கினார்கள். எல்லாரும் அதே வேறு இடத்தில்.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸ்டோர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனார். திட்டவில்லை யாரும். திட்டியிருந்தால் தேவலை. போகும்போது லாரிக்காரர், பரவாயில்லை ஸ்டோர், அலமாரி ஜம்முனு இருக்கு என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். 

அதன் பிறகு ஸ்டோர் எதையும் அடுக்கவில்லை.

காலையில் எழுந்து சோபாவில் உட்கார்ந்தால் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சர்க்கரை டப்பாவின் அட்டையைக் கழற்றிவிட்டார். குளித்த துண்டை நாற்காலி மேல் போட்டார். அளவு நாடா மேசையடியில் சுருண்டு கிடந்தது. சின்ன அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் புத்தகங்கள் பிழைத்துவிட்டன. நியாயமாக அவள் கொண்டாட வேண்டும். பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். குழி என்னவோ அதே குழிதான். உடம்பு அதில் பொருந்தவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்பாவை ரிப்பேருக்குக் கொடுக்கணும்போல இருக்கே என்று மகள் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாட்டு டப்பா இன்னும் கழுவவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் பையை எடுத்துச் சமையலறையில் வைத்துத் திறந்தாள். டப்பாவுக்குப் பக்கத்தில் கேப்டன் இருந்தான்.

முட்டுக் கொடுத்த புத்தகம் மாதிரி இல்லை அது. நசுங்கவில்லை, கறை இல்லை. பழைய மாத்திரை அட்டை அதே கடைசிப் பத்துப் பக்கத்தில் இருந்தது. ஆனால் ஆரம்பத்தில், கேப்டன் இன்னும் கப்பல் ஏறக்கூட இல்லாத இடத்தில், இன்னோர் அட்டை செருகியிருந்தது. சர்க்கரை டப்பாவிலிருந்து கழற்றின அட்டை, நூலோடு.

அவள் அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன்னுடைய மாத்திரை அட்டையை எடுத்தாள். அந்த இடத்திலேயே, நின்றபடியே, கடைசிப் பத்துப் பக்கத்தையும் படித்து முடித்தாள். படித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சினாள். டப்பாவைக் கழுவினாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மன்றத்து அலமாரிக்கு உங்களை அனுப்பினது உதவிக்கு இல்லை. நீங்க சின்ன அறைப் பக்கம் வராம இருக்கணும்னுதான் அனுப்பினேன். என் புத்தகத்தைக் காப்பாத்த உங்களை அங்க மாட்டிவிட்டேன்."

ஸ்டோர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வருகிறதா என்று தேடினாள், வரவில்லை. கிடங்கில் கணக்கு உதைத்து, ரொம்ப நாள் கழித்து எங்கே உதைத்தது என்று தெரிந்தால் வருகிற முகம்தான் வந்தது.

"அதான், அவசரமே இல்லை, அவசரமே இல்லைன்னு சொன்னியா?"

"ஆமா."

"நான் என்னவோ என் மேல அக்கறைன்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். "இதை முடிச்சிட்டேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒண்ணை முடிச்சிருக்கேன். உங்க சட்டப்படி இது வெளிய போகணும். கொண்டு போய்க் கொடுத்துடுங்க. மத்ததையும் ஒவ்வொண்ணா முடிச்சுத் தர்றேன். நீங்க பழையபடி எந்திரிச்சு ஏதாவது அடுக்குங்க, போதும்."

அவர் புத்தகத்தைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். முட்டுக் கொடுக்கக் குனிந்தபோது அது தானாகத் திறந்துகொண்டதாம். ஒரு வரி கண்ணில் பட்டதாம். அந்த வரி எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தாராம். பிறகு அலமாரிக் காலுக்கு ஒரு கட்டைத் துண்டைத் தேடி வைத்துவிட்டாராம்.

"நீ முடிச்சிட்டே, சரி," என்றார். நூல் கட்டிய அட்டையைத் தொட்டுக் காட்டினார். "நான் முடிக்கலையே. அசைஞ்சுக்கிட்டு இருக்கிற சரக்கை எப்படி வெளிய அனுப்புறது?"

அக்கா புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் படிக்கிற வேகம் அவளுக்குத் தெரியும். நாளிதழையே சரக்கு வந்து இறங்கினது மாதிரி வார்த்தை வார்த்தையாகச் சரிபார்த்துத்தான் உள்ளே எடுப்பார். கேப்டன் கப்பல் ஏறவே அடுத்த கோடை ஆகிவிடும். அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், அதற்கடுத்ததைத் தொட்டால்... அந்த அலமாரி காலியாக இரண்டு பேரின் ஆயுசும் போதாது.

"மத்ததெல்லாம்?" என்று எதற்கும் கேட்டு வைத்தாள்.

"அதுவும் வரிசையில நிக்குதுன்னு எழுதிக்க வேண்டியதுதான்," என்றார் ஸ்டோர். எழுந்து போய் நாற்காலி மேல் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார்.

அடுத்த பயிற்சியில் அக்கா நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னபோது குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் மட்டும் யோசித்தார். அவரைக் கூட்டிட்டு வாங்க, அவருக்கு ஒரு வேலை இருக்கு என்றார். இருப்பு குறைந்தால் மோப்பத்தாலேயே கண்டுபிடிக்கிற மனிதர் அல்லவா? கடைசி நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பாட்டில் எங்கே ஓட்டை கேட்கிறதோ அங்கே கையைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டோருக்கு ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது. ஆனால் எங்கே சத்தம் வற்றுகிறது என்று தெரிந்தது. கை தூக்குவார்; பாட்டு நிற்கும்; பென்சில்கள் கிறுக்கும்; நீ இங்க வாங்கு, நான் அங்க வாங்கிக்கிறேன் என்று ஒரு சந்தை இரைச்சல்; மறுபடி பாடுவார்கள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கடைசிவரை அவர் கை மடியிலேயே இருந்தது.

நிகழ்ச்சி அன்று முதல் மழை பிடித்துக்கொண்டது. மன்றம் நிறையச் சொந்தக்காரர்கள், ஈரக் குடைகள். நீண்ட ஸ்வரம் வந்தது. ஒருவர் மூச்சுக்கு ஒருவர் தோள் கொடுத்து, ஒரு துளி சிந்தாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா தன் குறி வரும் இடத்துக்காகக் காத்திருந்தபோது, இருட்டில், கடைசி வரிசையில், ஒரு கை விறைப்பாக மேலே போவதைப் பார்த்தாள். அவள் வரிசையே பார்த்தது. யார் மூச்சு வாங்கினது, நீயா, நானா என்று கண்களால் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டே பாடி முடித்தார்கள். கைதட்டல் அடங்கியதும் ஓடிப் போய்க் கேட்டால், ஓட்டை ஒன்றும் இல்லையாம். எல்லாம் நிறைந்து இருந்ததாம். அதைச் சொல்லத்தான் தூக்கினாராம்.

இப்போது கிடங்கு திறந்துவிட்டது. சாயங்காலம் ஸ்டோர் வந்ததும் சின்ன அறையில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து கேப்டனை எடுக்கிறார். அக்காவுக்கு இது புதுவிதச் சோதனை. ஆயுசில் அவளுக்கு முடிவு தெரிந்த ஒரே கதை அது. அதைப் பற்றிப் பேசுவதற்கு உலகத்திலேயே தோதான ஆள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மூச்சு விடக் கூடாது. கடையில் வருகிறவர்களிடம் கேட்காமலே நாலு விஷயம் சொல்கிற வாய் அது.

"எனக்கென்னவோ இவன் திரும்பி வர மாட்டான்னு தோணுது," என்றார் ஸ்டோர் நேற்று, விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு. "நீ என்ன சொல்றே? இல்லை, சொல்லாதே. சொல்லிடாதே. சும்மா முகத்தை மட்டும் காட்டு."

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பல் டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி உதட்டை இறுக மூடிக்கொண்டு, தன் வரிசையின் அந்த ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, ம்ம்ம் என்று நிற்காமல் ஒலிக்க ஆரம்பித்தாள்.